ஏ9 வீதியோரம் சில ஆய்வுகள்

பேராதனை, திங்கட்கிழமை

கண்டியிலிருந்து பேராதனைக்குச் செல்லும் பேருந்து கெட்டம்பையைக் கடக்கும்போது விவசாயத் திணைக்களத்தைச் சேர்ந்த கட்டடங்கள் அடுத்தடுத்து வரும். பயிருக்கு அடிக்கும் நச்சு மருந்துகளில் எவற்றை விற்கலாம் என்று முடிவு செய்யும் பீடைகொல்லிப் பதிவாளரின் அலுவலகமும் அவற்றுள் ஒன்று. பல்கலைக்கழகத்துக்குப் போகும் மாணவர்களும் தாவரவியற் பூங்காவுக்குப் போகும் சுற்றுலாப் பயணிகளும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால், இலங்கையில் கடந்த நாற்பது ஆண்டுகளில் அதிகமான உயிர்களைக் காத்த இடங்கள் எவை என்று யாராவது கேட்டால், பெரிய வைத்தியசாலைகளின் பெயர்களுக்கு நடுவே இந்த அலுவலகத்தின் பெயரையும் நான் சொல்லுவேன். அரச வைத்தியசாலைகளில் மருந்தாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற வகையில், நஞ்சருந்தி வந்தவர்களுக்காக நள்ளிரவில் அத்திரோப்பின் ஊசிமருந்தைப் பெட்டி பெட்டியாக எடுத்துக் கொடுத்த காலத்தை நான் அறிவேன். இப்போது அந்தப் பெட்டிகள் அவ்வளவு விரைவாகத் தீர்வதில்லை. ஏன் தீர்வதில்லை என்பதை அறியத்தான், பேராதனையில் தொடங்கி யாழ்ப்பாணம் வரை, இந்த விடயத்தை ஆராய்ந்த பல்கலைக்கழகங்கள் இருக்கும் ஊர்களின் வழியே போகிறேன்.

இலங்கையில் தற்கொலை வீதம் 1950இலிருந்து 1995 வரை எட்டு மடங்கு கூடியது. 1995இல் அது ஓர் இலட்சம் பேருக்கு 47 என்ற உச்சத்தைத் தொட்டது. அக்காலத்தில் உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களுள் ஒன்று அது. இறந்தவர்களிற் பெரும்பாலோர் கிராமத்தவர்கள், பெரும்பாலும் பயிருக்கு அடிப்பதற்காக வீட்டில் வாங்கி வைத்த நஞ்சினால் இறந்தவர்கள். போர், வறுமை, குடி, காதல் தோல்வி என்று காரணங்களை அடுக்கிக்கொண்டு போவது எல்லோருக்கும் எளிதாக இருந்தது. பேராதனையிலும் வேறிடங்களிலும் இருந்த சில ஆய்வாளர்கள் கேட்ட கேள்வி வேறு. அருந்தியவர்களுள் யார் பிழைக்கிறார்கள், யார் இறக்கிறார்கள், அவர்கள் எதை அருந்தினார்கள் என்பதே அது.

அந்தக் கேள்விக்குக் கிடைத்த விடை மனித மனத்தைப் பற்றியதாக இருக்கவில்லை. புட்டியைப் பற்றியதாக இருந்தது. ஒரே அளவு துயரத்தோடு, ஒரே அளவு அவசரத்தில் அருந்திய இருவரில் ஒருவர் பிழைப்பதும் மற்றவர் இறப்பதும் கைக்கு அகப்பட்ட இரசாயனத்தின் வீரியத்தைப் பொறுத்தே பெரிதும் அமைந்தது. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் பதிவாளருக்கு ஒரு பொருளைப் பதிவேட்டிலிருந்து நீக்கும் அதிகாரத்தை ஏற்கெனவே தந்திருந்தது. 1984இல் பரத்தியனும் மெத்தில் பரத்தியனும் நீக்கப்பட்டன. உலக சுகாதார நிறுவனம் மிகக் கொடியவை என்று முதலாம் வகுப்பில் வைத்தவற்றுள் எஞ்சியிருந்த மொனோகுரோட்டபொஸ், மெத்தமிடபொஸ் ஆகியவற்றை 1995இலும், அவற்றுக்குப் பதிலாகச் சந்தையை நிரப்பிய எண்டோசல்பானை 1998இலும் தடுத்தார்கள். 2008 முதல் 2011 வரையான காலத்தில் மேலும் மூன்று பொருள்கள் படிப்படியாக நிறுத்தப்பட்டன. 2005 ஆகும்போது தற்கொலை வீதம் உச்சத்திலிருந்து ஏறத்தாழப் பாதியாகியிருந்தது; 2015 அளவில் எழுபது சதவீதம் குறைந்திருந்தது. 1995க்கும் 2015க்கும் இடையில் இத்தடைகளால் காக்கப்பட்ட உயிர்கள் 93,000 என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு.

நான் இன்று பார்க்க வந்தது இத்தடைகளின் இன்னொரு பக்கத்தை. பேராதனையில் விரிவுரையாளராக இருக்கும் என் நண்பர் ஒருவர், அக்பார் பாலத்துக்கு அருகேயுள்ள தேநீர்க்கடையில் உட்கார்ந்து, தம் மடிக்கணினியில் ஒரு வரைபடத்தைக் காட்டினார். நெல், காய்கறி விளைச்சலின் கோடுகள் அதில் ஆண்டுவாரியாகப் போடப்பட்டிருந்தன. தடை விதிக்கப்பட்ட ஆண்டுகளில் நிலைக்குத்தான சிறு கோடுகள் இருந்தன. பதிவாளராகப் பணியாற்றிய காமினி மனுவீரவும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் 2008இல் வெளியிட்ட கட்டுரையின் சாரம் அது. மருந்து இல்லாவிட்டால் பயிர் அழியும் என்று அக்காலத்தில் இறக்குமதியாளர்கள் எச்சரித்துக்கொண்டிருந்தார்கள். விளைச்சலின் கோடு அந்த நிலைக்குத்துக் கோடுகளைக் கடந்து தன் போக்கில் போய்க்கொண்டே இருந்தது. குறைந்த நச்சுத்தன்மையுள்ள மாற்று எது என்பதைப் பார்த்து, ஒவ்வொரு பொருளாக, கால அவகாசம் கொடுத்து நீக்கியதனால் கமக்காரனுக்கு நட்டம் வரவில்லை. இந்த வரைபடத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மதவாச்சியில் இதன் மறுபுறம் வருகிறது.

பல்கலைக்கழகத்தைப் பற்றித் தனியாக எழுத நேரமில்லை. அந்தானை மலையடிவாரத்தில் 1952 முதல் இயங்கும் அந்த வளாகத்தின் அழகைப் பலர் எழுதிவிட்டார்கள்.

அனுராதபுரம், செவ்வாய்க்கிழமை

தம்புள்ளையைத் தாண்டியதும் காற்றின் ஈரம் போய்விடுகிறது. குளங்களும் வயல்களும் மாறி மாறி வரும் இந்த வறண்ட வலயந்தான் நஞ்சியல் ஆய்வின் உண்மையான களம். பேராதனையைத் தளமாகக் கொண்டு 2004 முதல் இயங்கிவரும் தெற்காசிய மருத்துவ நஞ்சியல் ஆய்வுக் கூட்டமைப்பில் இலங்கையின் பல்கலைக்கழகங்களோடு அவுஸ்திரேலியாவின் நிக் பக்லி, அன்ட்ரூ டோசன், எடின்பரோவின் மைக்கல் எடில்ஸ்டன் ஆகிய மருத்துவர்களும் சேர்ந்திருந்தார்கள். அவர்கள் ஆய்வறையில் இருந்துகொண்டு எழுதவில்லை. மாவட்ட வைத்தியசாலைகளின் வாட்டுகளுக்குள் ஆய்வு வைத்தியர்களை இருபத்துநான்கு மணி நேரமும் நிறுத்தி, நஞ்சருந்தி வந்த ஒவ்வொருவரையும் பதிவு செய்தார்கள்.

அப்படி வாட்டுக்குள் நின்று செய்த ஆய்வுகளிற் பல, வைத்தியர்கள் நம்பியிருந்தவற்றைப் பொய்யாக்கின. நஞ்சருந்தியவருக்குக் கரித்தூளைக் கரைத்துக் கொடுப்பது எங்கள் காலத்தில் கேள்வி கேட்காமற் செய்யப்பட்ட சிகிச்சை. அந்தக் கறுப்புக் கரைசலைத் தாதிகள் கலக்கும்போது கையெல்லாம் மையாகிவிடும். நோயாளியின் சட்டையிலும் படுக்கை விரிப்பிலும் படிந்த கறை சலவைக்குப் போய் வந்த பின்னும் போகாது. இலங்கையின் மூன்று வைத்தியசாலைகளில் 4,632 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2008இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு, பலமுறை கரித்தூள் கொடுத்தவர்களில் 6.3 சதவீதத்தினரும், ஒருமுறை மட்டும் கொடுத்தவர்களில் 7.1 சதவீதத்தினரும், ஒன்றுமே கொடுக்காதவர்களில் 6.8 சதவீதத்தினரும் இறந்ததாகக் கண்டது. இந்த வித்தியாசங்கள் தற்செயலாக வரக்கூடியவை. இதே போல, பல பூச்சிமருந்துகளில் உள்ள சேதனப் பொசுபரசு என்ற வகை நஞ்சுக்கு மாற்று மருந்தென்று பாடநூல்கள் சொன்ன பிரலிடொக்சீமை 235 பேரிடம் சோதித்தபோது, அது கொடுக்கப்பட்டவர்களில் 24.8 சதவீதத்தினரும், கொடுக்கப்படாதவர்களில் 15.8 சதவீதத்தினரும் இறந்தார்கள். எண்ணிக்கை சிறியது என்பதால் மருந்து தீங்கு செய்தது என்று அறுதியிட்டுக் கூற முடியாது. ஆனால் விலை கூடிய அந்த மருந்து கிடைக்கவில்லையே என்று ஏங்கிய சிறிய வைத்தியசாலைகளுக்கு அது ஒரு செய்திதான்.

எஞ்சி நின்றது அத்திரோப்பின். அதுவும் கொடுக்கும் முறையிற்றான் பலன் தருகிறது. நோயாளியின் பக்கத்தில் நின்று, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நுரையீரலைக் கேட்டு, நாடித்துடிப்பையும் குருதியழுத்தத்தையும் பார்த்து, நெஞ்சின் கரகரப்பு அடங்கும் வரை அளவை இரட்டித்துக்கொண்டே போக வேண்டும். இதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை, கட்டிலை விட்டு நகராத ஒருவர் தேவை. இன்று அனுராதபுரத்தில் சந்தித்த இளம் வைத்தியை ஒருவர், மாணவப் பருவத்தில் தங்களுக்கு இதைப் படிப்பித்த விதத்தைச் சொன்னார்: அளவுகளையும் நேரங்களையும் எழுதும் தாளைக் கையிற் கொடுத்து, தாள் நிரம்பும் வரை கட்டிலருகே இருந்து எழுந்துபோக விடமாட்டார்களாம். "மருந்தாளர் ஐயாக்கள் எங்களைத் திட்டியிருப்பீர்கள், ஒரு நோயாளிக்கு இவ்வளவு அத்திரோப்பினா என்று" என்றார். திட்டியது உண்மைதான்.

பாம்புக்கடி பற்றியும் ஓரிரு சொற்கள் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வயலில் வேலை செய்பவரை இந்த வாட்டுக்குக் கொண்டுவரும் அடுத்த காரணம் அதுதான். இங்கே பயன்படுத்தும் பாம்பு நஞ்சுமுறி மருந்து இந்தியாவிலிருந்து வருவது. அதற்கான நஞ்சில் பெரும்பகுதியைச் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் பாம்பைப் பிடித்து எடுக்கிறார்கள். அம்மருந்தே பலருக்குக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கும். களனிப் பல்கலைக்கழகத்து ஜனக டி சில்வா குழுவினர் 1,007 நோயாளிகளிடம் மூன்று தடுப்பு மருந்துகளை ஒப்பிட்டு 2011இல் வெளியிட்ட ஆய்வு, சிறிதளவு அட்ரினலீன் முற்கூட்டியே கொடுத்தால் கடுமையான ஒவ்வாமை முதல் மணி நேரத்தில் 43 சதவீதம் குறைகிறது என்றும், எல்லோரும் வழக்கமாகப் போட்டுவந்த ஹைட்ரோகோர்ட்டிசோனும் புரோமெதசீனும் பயன் தரவில்லை என்றும் காட்டியது. இருபது ரூபாய் மருந்தா இருநூறு ரூபாய் மருந்தா என்று நாங்கள் களஞ்சியத்தில் தகராறு பட்ட விடயங்களை வாட்டுக்குள்ளேயே அளந்து தீர்த்துவிட்டார்கள்.

மாலை சாலியபுரத்தில் உள்ள ரஜரட்ட பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடத்துக்குப் போனேன். மிகிந்தலையில் தலைமை வளாகத்தைக் கொண்ட இந்தப் பல்கலைக்கழகம் இளையது. ஆனால் தான் நிற்கும் மண்ணின் நோய்களை விட்டு வெளியே தேடிப் போகாதது. இங்கு நடந்த ஆய்வுகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு தோல்வியின் கதை. கொடிய நஞ்சை வீட்டில் பூட்டி வைத்தால், ஆத்திரத்தில் எழுந்தவன் சாவியைத் தேடும் நேரத்துக்குள் மனம் மாறிவிடும் என்று உலகம் முழுவதும் நம்பினார்கள். உற்பத்தி நிறுவனங்களும் அந்த யோசனையை ஆதரித்தன. தடையை விடப் பெட்டி அவர்களுக்கு வசதியானது என்பதைச் சொல்லத் தேவையில்லை. வடமத்திய மாகாணத்தில் 180 கிராமங்களில், 53,382 குடும்பங்களை எடுத்து, பாதிக் கிராமங்களுக்குப் பூட்டுப் பெட்டி கொடுத்து, சில ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்தார்கள். 2017இல் முடிவு வெளியானது. பெட்டி கொடுத்த கிராமங்களுக்கும் கொடுக்காத கிராமங்களுக்கும் இடையில் சொல்லக்கூடிய வித்தியாசம் எதுவும் இல்லை.

உழைப்பும் பணமும் கொட்டிய ஒரு திட்டம் பயன் தரவில்லை என்று அதைச் செய்தவர்களே எழுதி வெளியிடுவது நம் நாடுகளில் அபூர்வம். அந்த ஆய்வு இல்லாதிருந்தால் இன்று ஆசிய நாடுகள் முழுவதும் பூட்டுப் பெட்டி விநியோகம் படம் பிடித்து நடந்திருக்கும். தடைகள் தள்ளிப் போயிருக்கும். அதன் பின்னர் ரஜரட்ட ஆய்வாளர்கள் கடைகளின் பக்கம் திரும்பினார்கள். கடைக்குப் போய் வாங்கி உடனே அருந்துபவர்களும் இருப்பதால், வாங்க வருபவர் கமக்காரனா, குடித்திருக்கிறாரா, முகம் எப்படி இருக்கிறது என்று கவனிக்கக் கடைக்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள்.

மதவாச்சி, வியாழக்கிழமை

புதன்கிழமை மழையில் போய்விட்டது. இன்று காலை பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவரின் மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறி, மதவாச்சியிலிருந்து பதவியா வீதியில் சில கிராமங்களைப் பார்த்தேன். ஒரு வீட்டு முற்றத்தில், நீல மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டி ஒன்று வேப்ப மரத்தடியில் இருந்தது. பழைய ஆய்வில் வந்த பெட்டி என்று வீட்டுக்காரர் சொன்னார். திறந்து காட்டினார். உள்ளே மிளகாய் விதைப் பொட்டலங்கள், மின்சாரப் பட்டியல்கள், பேரனின் தடுப்பூசி அட்டை ஆகியவை இருந்தன. எலி போகாதாம். பூட்டு தொலைந்துவிட்டது.

அந்த வீட்டுக்காரருக்கு வயது ஐம்பதுக்குச் சற்று மேல். இடது முழங்கையின் உட்புறத்தில் நரம்பு கயிறு போல முறுக்கிப் புடைத்திருந்தது. "தொட்டுப் பாருங்கோ மாத்தயா" என்று சிங்களத்தில் சொல்லிக் கையை நீட்டினார். விரலை வைத்தபோது, தோலுக்குக் கீழே ஒரு சிறு எந்திரம் ஓடுவது போன்ற அதிர்வு தெரிந்தது. டயலிசிஸ் செய்வதற்காக நாடியையும் நாளத்தையும் இணைத்து ஏற்படுத்திய இணைப்பு அது. வாரத்தில் இரண்டு நாள் அனுராதபுரத்துக்குப் போகிறார். நீரிழிவு இல்லை, குருதியழுத்தம் இருந்ததில்லை, மது அருந்துவது அரிது. வயல்தான் தொழில்.

காரணம் தெரியாத இந்தச் சிறுநீரக நோயை 1990களில்தான் வைத்தியர்கள் தனியாக அடையாளம் கண்டார்கள். வழக்கமாகச் சிறுநீரகத்தைக் கெடுக்கும் நோய்கள் எதுவும் இல்லாதவர்களுக்கு, ஒரு குறிப்பிட்ட பிரதேசத்தில், நுண்குழாய்களின் பக்கத்திலிருந்து தொடங்கி மெல்ல மெல்லச் சிறுநீரகம் செயலிழக்கிறது. மதவாச்சி, பதவியா, மெதிரிகிரிய, ஊவாவில் கிராந்துருகோட்டை ஆகிய ஊர்களின் பெயர்கள் சிறுநீரக நோயோடு ஒட்டிவிட்டன. உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவோடு நடந்து 2013இல் வெளியான ஆய்வு, பாதிப்புள்ள பகுதிகளில் பெண்களில் 16.9 சதவீதத்தினருக்கும் ஆண்களில் 12.9 சதவீதத்தினருக்கும் நோயின் அடையாளம் இருப்பதாகக் கண்டது. முற்றிய நிலைக்குப் போகிறவர்களோ பெரும்பாலும் ஆண்கள்.

காரணம் என்ன என்பதுதான் இந்த வீதியில் எல்லோரும் எல்லோரிடமும் கேட்கும் கேள்வி. பேராதனையின் புவிச்சரிதவியலாளர்கள் பல்லாண்டுகளாகக் கிணறுகளின் நீரை அளந்து, இப்பகுதியின் நிலத்தடி நீரில் புளோரைட்டு கூடுதலாகவும் வன்மை மிகுந்தும் இருப்பதைக் காட்டியிருக்கிறார்கள். அதற்கு ஆய்வுக்கூடம் தேவைப்படாத சாட்சி ஒன்றை அந்த வீட்டு அம்மா காட்டினார். தேநீர் வைக்கும் அலுமினியக் கேத்தலைக் கவிழ்த்துத் தட்டியபோது, முட்டை ஓடு போன்ற தடித்த வெண்தகடு ஒன்று உடைந்து விழுந்தது. பக்கத்து ஊரில் பாறை ஊற்று நீரைக் குடித்தவர்களுக்கு இந்நோய் குறைவு என்பது கிராமத்தவர்களும் ஆய்வாளர்களும் ஒருசேரச் சொல்லும் செய்தி. அதே புளோரைட்டு நீர் வேறு மாவட்டங்களிலும் இருக்க, நோய் அங்கே இவ்வளவு ஏன் இல்லை என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. கட்மியம், ஆசனிக்கு, பீடைகொல்லிகள், வெயிலில் நாள் முழுதும் நீரருந்தாமல் வேலை செய்வது என்று ஒவ்வொன்றுக்கும் ஆதரவான ஆய்வும் எதிரான ஆய்வும் உண்டு. கடைசியாகச் சொன்னதற்கு ஒரு வலு இருக்கிறது: எல் சல்வடோரிலும் நிக்கராகுவாவிலும் கரும்பு வெட்டுபவர்களுக்கு இதை ஒத்த நோய் வருகிறது, அவர்கள் குடிக்கும் நீரும் அடிக்கும் மருந்தும் வேறு, வெயில் ஒன்றுதான்.

காரணங்கள் பலவாகச் சேர்ந்திருக்கலாம் என்பதே இன்று பெரும்பாலான ஆய்வாளர்களின் நிலை. அரசியலுக்கு அந்த நிலை பிடிப்பதில்லை. கிளைபொசேட்டு என்ற களைகொல்லி வன்னீரிலுள்ள உலோகங்களோடு சேர்ந்து சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும் என்று 2014இல் ஒரு கருதுகோள் கட்டுரை வெளியானது. கருதுகோள் என்றால் இனித்தான் சோதிக்க வேண்டும் என்று பொருள். மறு ஆண்டே நாடு முழுவதும் அதைத் தடை செய்தார்கள். 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் விட்டுக் கொடுத்தார்கள். பின்னர் முற்றாகத் தளர்த்தினார்கள். தடை இருந்த ஆண்டுகளில் நோய் என்ன ஆனது என்பதை முறையாக அளக்கும் ஏற்பாட்டையாவது தடையோடு சேர்த்துச் செய்திருக்கலாம். 2021இல் இரசாயன உரம் முழுவதையும் ஒரே வர்த்தமானியில் நிறுத்தியபோது, சொல்லப்பட்ட காரணங்களில் இந்தச் சிறுநீரக நோயும் ஒன்று. அந்த ஆண்டு முடிவதற்குள் அந்தத் தடை திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் நெற்செய்கையும் தேயிலையும் பட்ட பாட்டை நாடே அறியும்.

பேராதனையில் பார்த்த வரைபடம் எனக்கு இங்கேதான் முழுதாக விளங்கியது. அங்கே ஒவ்வொரு தடைக்கும் முன்னால் வைத்தியசாலைப் பதிவேடு இருந்தது, மாற்று இருந்தது, அவகாசம் இருந்தது. இங்கே நோயாளியின் வேதனை இருந்தது, அதை மேடையில் சொல்லக் குரல்கள் இருந்தன. ஒரே நாட்டில் விதிக்கப்பட்ட இருவகைத் தடைகளும் தந்த பலன் இவ்வளவு வேறுபட்டதற்கு வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

இதற்கிடையில் கிராமத்தவர்கள் தங்களுக்கு ஆனதைச் செய்துகொள்கிறார்கள். சந்தியில் ஓர் அறைக்குள் சவ்வூடு நீரைப் பிழிந்து வடிக்கும் இயந்திரம் இருக்கிறது. காலையில் ஐந்து லீற்றர், இருபது லீற்றர் கலன்களோடு பிள்ளைகள் சைக்கிளில் வந்து வரிசையில் நிற்கிறார்கள். சவ்வைக் கடக்காத கழிவு நீர், முழு உப்பையும் சுமந்துகொண்டு, பின்பக்கக் குழாய் வழியே வாய்க்காலுக்குப் போகிறது. அந்த நீர் எங்கே போய்ச் சேருகிறது என்று பரிசோதகரிடம் கேட்டேன். "அதுக்கும் ஒரு ஆய்வு வேணும் ஐயா" என்றார்.

பொலன்னறுவையில் சீன உதவியோடு 2021இல் சிறுநீரக நோய்க்கென்றே பெரிய வைத்தியசாலை திறக்கப்பட்டிருக்கிறது. வீட்டுக்காரரின் மனைவி கவலைப்பட்டது வேறொன்றைப் பற்றி. மகளுக்குக் கலியாணம் பேச வருபவர்கள், ஊரின் பெயரைக் கேட்டதும் தயங்குகிறார்களாம். சிறுநீரக நோயை அளக்கும் படிவங்களில் இதற்கு ஒரு கட்டம் இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

வவுனியா, வெள்ளிக்கிழமை

இங்கே நண்பர் வீட்டில் ஓய்வு. சோறும் தூக்கமும் தவிர எழுத ஒன்றுமில்லை.

யாழ்ப்பாணம், சனிக்கிழமை

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் 1978இல் தொடங்கப்பட்டது. ஐந்து ஆண்டுகளுக்குள் போர் வந்துவிட்டது. ஆய்வுக்கு மின்சாரம் இல்லாத, சஞ்சிகை வராத, சில வேளைகளில் ஊரே இடம்பெயர்ந்துவிட்ட காலங்களிலும் இங்கு எழுதப்பட்ட சில கட்டுரைகள் இன்றும் உலகத்தில் மேற்கோள் காட்டப்படுகின்றன. சட்ட மருத்துவத்துறையின் நா. சரவணபவானந்தன், தம்மோடு ஆய்வு செய்தவருடன் சேர்ந்து 1988இல் வெளியிட்ட, 170 நோயாளிகளைப் பற்றிய கட்டுரை அவற்றுள் ஒன்று. நம் வேலியோரங்களில் நிற்கும் ஒரு செடியின் நஞ்சைப் பற்றியது அது. செடியின் பெயரை நான் எழுதப் போவதில்லை. காரணம் அந்த வரலாற்றிலேயே இருக்கிறது. 1980களுக்கு முன் அச்செடியால் இறந்தவர்கள் அரிது; இரண்டு இளம்பெண்களின் மரணம் பத்திரிகையில் விரிவாக வெளிவந்த பின்னர், அடுத்தடுத்த ஆண்டுகளில் எண்ணிக்கை பத்துப் பத்தாக ஏறி, பிறகு தீவு முழுவதும் பரவியது. செய்தி எழுதியவர் கெட்ட எண்ணத்தோடு எழுதியிருக்கமாட்டார். ஆனாலும் இன்றும் நமது பத்திரிகைகளும் இணையத் தளங்களும் இறந்தவரின் படத்தையும் இறந்த முறையையும் தலைப்பில் போடுவதைப் பார்க்கும்போது, 1988இல் வெளியான இந்த ஆய்வை ஆசிரியர் மேசைக்கு யாராவது அனுப்பி வைக்கலாம் என்று தோன்றுகிறது.

உளநலத்தைப் பொறுத்தவரை யாழ்ப்பாணத்தில் ஒரு பெயரைச் சொல்லாமல் கடக்க முடியாது. உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரின் நடுவிலிருந்தே எழுதிய ஆய்வுகளில், தனி மனிதனின் மனம் மட்டுமன்றிக் குடும்பமும் ஊரும் சேர்ந்தே காயப்படுகின்றன என்ற கருத்தை வளர்த்தார். அதன் நடைமுறை வடிவம் மிக எளிமையானது: உளமருத்துவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவே இருக்கும் மாகாணத்தில், ஆசிரியர்களுக்கும் கிராம சேவையாளர்களுக்கும் குடும்பநல உத்தியோகத்தர்களுக்கும் தமிழிலேயே கைநூல் எழுதி, மன அழுத்தத்தைக் கண்டறியவும் பேச்சுக் கொடுக்கவும் பயிற்றுவித்தார்கள். ஆழிப்பேரலையின் பின்னும், 2009க்குப் பின்னும், இந்தப் பயிற்சி பெற்றவர்களே முன்வரிசையில் நின்றார்கள்.

தடைகளைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு, அவற்றால் ஆகாததையும் எழுத வேண்டும். இறப்புகள் குறைந்தன, நஞ்சருந்தி வைத்தியசாலைக்கு வருபவர்களின் எண்ணிக்கை அதே அளவில் குறையவில்லை. வயலில் அடிக்கும் மருந்தின் இடத்தை வீட்டு மருந்துப் பெட்டியிலுள்ள மாத்திரைகள் பிடித்துக்கொண்டு வருகின்றன, குறிப்பாக இளவயதுப் பெண்களிடையே. அவர்கள் பிழைத்துக்கொள்கிறார்கள், நான்கைந்து நாளில் துண்டு வெட்டி வீட்டுக்குப் போகிறார்கள். எந்த வீட்டிலிருந்து வந்தார்களோ அதே வீட்டுக்கு.

வீட்டுக்குப் போனபின் என்ன செய்வது என்பதற்கும் ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஐந்து நகரங்களில் நடத்திய அதில் கொழும்பும் ஒன்று, சென்னையும் ஒன்று; சென்னையில் அதை நடத்தியவர் சிநேகா அமைப்பை 1986இல் நிறுவிய உளமருத்துவர் லட்சுமி விஜயகுமார். அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 1,867 பேரில் ஒரு பகுதியினரை வழக்கம் போல அனுப்பினார்கள். மற்றவர்களோடு வீட்டுக்கு விடும் முன் ஒரு மணி நேரம் பேசி, பிறகு பதினெட்டு மாதங்களுக்குள் ஒன்பது தடவை தொலைபேசியிலோ நேரிலோ விசாரித்தார்கள். வழக்கம் போல அனுப்பப்பட்டவர்களில் 2.2 சதவீதத்தினர் அந்தக் காலத்துக்குள் தற்கொலையால் இறந்தார்கள், விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதத்தினர்.

இன்று பிற்பகல் குடாநாட்டின் ஓர் ஆதார வைத்தியசாலையில் இதைப் பின்பற்ற முயலும் தாதி ஒருவரைச் சந்தித்தேன். நீண்ட கணக்குப் புத்தகம் ஒன்றில் சிவப்பு மையால் தாமே கோடு கிழித்து, பெயர்களுக்கு எதிரே ஒன்பது கட்டங்கள் போட்டு வைத்திருந்தார். முதல் வாரம், இரண்டாம் வாரம், நான்காம் வாரம் என்று கட்டங்களின் மேல் எழுதியிருந்தது. முதல் மூன்று கட்டங்கள் பெரும்பாலும் நிரம்பியிருந்தன, அதற்கப்பால் வெற்றிடங்கள் கூடிக்கொண்டு போயின. எண்ணை மாற்றிவிடுகிறார்களா என்று கேட்டேன். "சிலபேர் மாத்துவினம், சிலபேரின்ர வீட்டில வேற ஆக்கள் எடுத்து, பிழையான நம்பர் எண்டு வைப்பினம். ஆனா அது பெரிய பிரச்சினை இல்லை அண்ணை" என்றார். வாட்டிலுள்ள தொலைபேசியிலிருந்து கைத்தொலைபேசி எண்களுக்கு அழைக்க முடியாது. அனுமதிக்கு எழுதிய கடிதம் இன்னும் மேலே இருக்கிறது. எனவே சொந்த மீள்நிரப்பு அட்டையில் அழைக்கிறார், மாதக் கடைசியில் காசு முடிந்துவிடும்.

இலங்கையிலிருந்து வாசிப்பவர்களில் யாருக்காவது பேச ஆள் தேவைப்பட்டால் தேசிய உளநல நிறுவனத்தின் 1926 என்ற எண் நாள் முழுதும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். தமிழ்நாட்டிலும் இந்தியாவின் பிற பகுதிகளிலும் 14416. அந்தத் தாதியின் கடிதத்தின் பிரதி ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை அது எந்த மேசையில் இருக்கிறது என்று விசாரிக்கப் போகிறேன்.